ஒரு கடைசிப் பொய்

பொய் சொல்லியே வெகுகாலம் பிழைத்த ஒருவன், இன்னும் ஒரே ஒரு பொய் சொன்னால் உயிர் தப்பும் என்ற கட்டத்தில் ஏன் மறுத்துவிடுகிறான்? மார்கரெத் யூர்ஸ்னாரின் 'லூவ்ர் ஓ நுவார்' நாவலை இரண்டாம் முறை படித்து முடித்தபோது என்னிடம் மிஞ்சியது இந்தக் கேள்விதான். முதல் முறை படித்தபோது இது எழவில்லை. ஒரு வீரனின் சாவு என்று எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டேன். இப்போது அது அவ்வளவு சுலபமான காரியமாகப் படவில்லை.

1968இல் பிரெஞ்சில் வந்த இந்த நாவலை நான் படித்தது க்ரேஸ் ஃப்ரிக்கின் ஆங்கிலத்தில். 'தி அபிஸ்' என்ற பெயரில் 1976இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. மூலத் தலைப்பு ரசவாதிகளின் பரிபாஷை. உலோகம் பொன்னாவதற்கு முன் கரைந்து, பிரிந்து, கருத்துப்போகும் முதல் கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர். ஆங்கிலத் தலைப்பில் அது போய்விட்டது. சரித்திர நாவல் என்றதும் நம் காதில் விழும் குதிரைக் குளம்படிச் சத்தம் இதில் இல்லை. போர் நடக்கிறது, கொள்ளைநோய் வருகிறது, ராஜாக்கள் கையெழுத்திடுகிறார்கள். ஆனால் எல்லாம் ஒரு மனிதனின் பிரக்ஞைக்கு வெளியே, மூடிய ஜன்னலுக்கு அப்பால் பெய்கிற மழை மாதிரி.

அந்த மனிதன் ஸெனோ. 1510இல் ப்ரூஜ் நகரத்தில், பணக்கார வியாபாரக் குடும்பத்துப் பெண்ணுக்கும் ஓர் இத்தாலியப் பாதிரிக்கும் முறைதவறிப் பிறந்தவன். வைத்தியன், ரசவாதி, பிணங்களை அறுத்துப் பார்த்து உடம்பைக் கற்றவன். பாராசெல்ஸஸ், டோலே, ஸெர்வீட்டஸ், காம்பனெல்லா போன்றவர்களின் வாழ்க்கைகளிலிருந்து துணுக்குகள் எடுத்து யூர்ஸ்னார் இவனைச் சிருஷ்டித்தார். சரித்திரத்தில் இப்படி ஒருவன் இல்லை, இருந்திருக்க இடமுண்டு. இருபது வயதில் ஊரை விட்டுக் கிளம்பி ஐரோப்பா முழுக்க அலைகிறான். அவன் புத்தகங்கள் தேடப்படும் பொருளாகின்றன; அவனும் அப்படியே. நடுவயதைத் தாண்டிய பிறகு ஸெபாஸ்தியன் தேயுஸ் என்ற பொய்ப் பெயரில் பிறந்த ஊருக்கே திரும்பி, ஒரு மடத்தைச் சேர்ந்த தர்ம வைத்தியசாலையில் ஏழைகளுக்கு மருந்து கொடுத்துக்கொண்டு ஒதுங்கி வாழ்கிறான். ஊர் எதிர்பார்க்கும் சமய ஆசாரங்களில் வெளிப்படையாகக் குறை வைப்பதில்லை. பல வருஷங்கள் இப்படி. இதில் அவனுக்குக் குற்றவுணர்ச்சி ஏதும் இருப்பதாக யூர்ஸ்னார் காட்டவில்லை.

பிறகு கைதாகிறான். தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிடுகிறான். விசாரணை நடந்து, உயிரோடு எரிக்கத் தீர்ப்பாகிறது. எரிப்பதற்கு முந்தின நாள், இளமையில் அவனுக்குப் பாடம் சொன்ன கிழப் பாதிரியார் கம்பானுஸ் சிறைக்கு வருகிறார். தன் கருத்துகளைப் பகிரங்கமாக மறுதலித்தால் உயிர் பிழைக்கலாம் என்கிறார். ஸெனோ சம்மதிக்கவில்லை. அவர் போன பிறகு, மறைத்து வைத்திருந்த சிறு கத்தியால் தன் இரத்தக் குழாய்களை அறுத்துக்கொண்டு சாகிறான். 1569 பிப்ரவரி.

இதை உயிர்த்தியாகம் என்று சொல்லிவிட முடியாது. தியாகிக்கு ஒரு நம்பிக்கை வேண்டும். அதற்குச் சாட்சியாகத்தான் அவன் சாகிறான். ஸெனோவிடம் அப்படி எதுவும் இல்லை. ரோமாபுரியும் ஜெனீவாவும் அவனுக்கு ஒரே தூரத்தில் இருக்கின்றன. களைப்பு என்று ஒரு விளக்கம் உண்டு. கைதாவதற்கு முன்பே ஒரு முறை தப்பி ஓடக் கடற்கரை வரை போய்விட்டு, மணல்மேட்டில் ஒரு நாள் தங்கி, கடலில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தவன்தான் அவன். ஐம்பத்தெட்டு வயது. ஆனால் களைத்துப் போனவன் சாதாரணமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவான். மறுப்பதற்குத்தான் தெம்பு வேண்டும். கர்வம் என்பது மூன்றாவது விளக்கம். கர்வம் இருக்கிறதுதான், ஆனால் கர்வமுள்ளவன் இத்தனை வருஷம் இன்னொருவன் பெயரில் வாழ எப்படிச் சம்மதித்தான்?

இந்தப் புதிரை அந்த நூற்றாண்டுக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு விசுவாசத்தின் நூற்றாண்டு என்பார்கள். மறைப்பின் நூற்றாண்டும் அதுவே. கத்தோலிக்க நாடுகளில் மனசுக்குள் சீர்திருத்தவாதியாக இருந்துகொண்டு, வெளியே பூசைக்குப் போய் மண்டியிட்டவர்கள் ஏராளம். இவர்களுக்கு எதிராகக் கால்வின் 1544இல் ஒரு நூலே எழுதினார். இரவில் ஒளிந்து இயேசுவிடம் வந்த நிக்கொதேமுவின் பெயரால் 'நிக்கொதேமுக்காரர்கள்' என்று இவர்களைக் கேலி செய்தார். நம்புவதை வெளியே சொல். முடியாவிட்டால் ஊரை விட்டுப் போ. இரண்டும் முடியாவிட்டால் சாவதற்குத் தயாராக இரு. கால்வினின் வாதம் சுருக்கமாக இதுதான். வாதத்தில் பழுதில்லை. ஆனால் அது ஜெனீவாவில் பத்திரமாக இருந்துகொண்டு எழுதப்பட்டது. ஒன்பது வருஷம் கழித்து, 1553 அக்டோபரில், அதே ஜெனீவாவில் ஸெர்வீட்டஸை உயிரோடு எரித்தார்கள். தான் நம்பியதை வெளியே சொன்னதுதான் ஸெர்வீட்டஸ் செய்த குற்றம். அதாவது, உண்மையைச் சொல் என்ற கட்டளைக்கு, நான் ஒப்புக்கொண்ட உண்மையைச் சொல் என்று ஒரு பின்குறிப்பு இருந்தது. அந்தச் சாவைக் கண்டு மனம் பொறுக்காமல், பதிதர்களைக் கொல்வது தகுமா என்று கேட்டு மறுவருஷம் ஒரு நூல் தொகுத்தவர் கஸ்தேல்லியோ. மனசாட்சியின் சுதந்திரத்துக்காக ஐரோப்பாவில் எழுந்த முக்கியமான குரல்களில் ஒன்று அது. அதன் முன்னுரையில் அவர் போட்டுக்கொண்டது புனைபெயர். அவரைப் பொய்யர் என்று யார் சொல்வார்கள்?

உண்மையை உரக்கச் சொல்வது மட்டுமே ஒரு தார்மீக மதிப்பு ஆகிவிடாது என்பதை இந்த நாவல் தன் பயங்கரமான அத்தியாயம் ஒன்றில் காட்டுகிறது. ம்யூன்ஸ்டர் நகரத்தைப் பற்றியது அது. 1534இல் மறுஞானஸ்நானக்காரர்கள் அந்த நகரத்தைக் கைப்பற்றினார்கள். எங்கும் துரத்தப்பட்டவர்கள், தண்ணீரில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டவர்கள், கடைசியாக ஒரு கோட்டைக்குள் தங்கள் பரலோக ராஜ்யத்தைக் கட்டினார்கள். இங்கே யாரும் எதையும் மறைக்க வேண்டியதில்லை. விளைவு என்ன? மறுஞானஸ்நானம் வேண்டாம் என்றவர்களைக் குளிர்காலத்தில் ஊரை விட்டு விரட்டினார்கள். தையல்காரனாக இருந்த லெய்டன் ஊர் யான் ராஜாவானான். பல மனைவிகளைக் கட்டிக்கொண்டான். எதிர்த்தவர்களின் தலை விழுந்தது. ஸெனோவின் தாய் ஹில்ஸோந்த் தன் கணவனோடு பக்தியில் இங்கே வந்து சேர்ந்து, ராஜாவின் மனைவியரில் ஒருத்தியாகி, 1535இல் நகரம் விழுந்தபோது வென்றவர்களின் கையில் சாகிறாள். ராஜாவையும் இன்னும் இருவரையும் சித்திரவதை செய்து கொன்று, உடல்களைக் கூண்டுகளில் போட்டுத் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அந்த மூன்று கூண்டுகளும் அங்கே இன்றும் தொங்குகின்றன. முழு மனதோடு நம்பியதை முழுக் குரலில் சொன்னவர்களின் கதை இது. ஆகவே, ஸெனோ உண்மைக்காகச் செத்தான் என்று சொல்லும் விமர்சகன் இந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும்.

இதற்கு எதிராக யூர்ஸ்னார் வைப்பது மடத்துத் தலைவரை. பழைய பிரபு, மனைவியை இழந்த பிறகு துறவியானவர். ஆல்பா கோமகனின் ஆட்சியில் அடுத்தடுத்து நிகழும் கொலைகளைப் பார்த்து மனம் நொந்து, தொண்டையில் நோய் வந்து சாகிறவர். அவர் திருச்சபையின் மனிதர். ஸெனோ எதையும் நம்பாதவன். இருவரும் பேசிக்கொள்ளும் பக்கங்கள் நாவலின் உச்சம். எதிரே இருப்பவன் வெறும் நாட்டு வைத்தியனல்ல என்று தலைவருக்குப் புரிந்திருக்கிறது. ஆனால் கேட்பதில்லை. கேட்டால் இவன் பொய் சொல்ல நேரும், அல்லது அவர் கடமையைச் செய்ய நேரும். அந்தக் கேட்காமை ஒரு தர்மம். ஒளிந்திருப்பவனின் பொய்யும் ஒளிந்திருப்பதை அறிந்தவரின் மௌனமும் சேர்ந்து இரண்டு மனிதர்கள் நிஜமாகப் பேசிக்கொள்ள ஒரு சிறு இடத்தை உண்டாக்குகின்றன.

இங்கிருந்துதான் எனக்கு ஒரு வழி கிடைக்கிறது. பொய்களில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று மறைப்பதற்காகச் சொல்வது. அது நம்பப்பட வேண்டும், நம்பப்பட்டால்தான் பயன். ஸெபாஸ்தியன் தேயுஸ் என்ற பெயர் அந்த வகை. கதவைத் தாழிட்டுக்கொள்வது போல. தெரிந்துகொள்ள உரிமையில்லாதவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்வது. இரண்டாவது தினுசில் பொய்யை யாரும் நம்ப வேண்டியதில்லை. பிஷப்பும் நீதிபதிகளும் ஸெனோ ஒரே இரவில் மனம் மாறிவிட்டான் என்று நம்பப்போவதில்லை. கம்பானுஸும் உள்ளூர நம்பமாட்டார். அவனுக்கோ கேட்கவே வேண்டாம். ஒருவரும் ஏமாறாத இந்தப் பொய் எதற்கு?

காசோலையில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பிழைப்பு. போட்டவன் மனம் ஒப்பிப் போட்டானா, மிரட்டலுக்குப் பயந்து போட்டானா என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை. கோடுகள் பொருந்தினால் பணம் போய்விடும். ஸ்தாபனம் மறுதலிப்பைக் கேட்பதும் இந்த அர்த்தத்தில்தான். அதற்கு வேண்டியது அவன் மனசு அல்ல. அவன் பெயரில் புழங்கக்கூடிய ஒரு தாள்.

தாள் புழங்கவே செய்யும். இங்கிலாந்தில் க்ரான்மரின் கதை இதற்கு உதாரணம். ஆங்கிலத் திருச்சபையின் ஆர்ச்பிஷப்பாக இருந்தவர், மேரி ராணியின் சிறையில் ஒன்றல்ல, பல மறுதலிப்புகளில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்ட பின்பும் அவரை எரிப்பதென்று முடிவாயிற்று. 1556 மார்ச் 21 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் கூட்டத்தின் முன்னால், படிக்க வேண்டிய கடைசி மறுதலிப்பைப் படிக்காமல், முன்பு எழுதியதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டார். கையெழுத்திட்ட வலதுகையை நெருப்பில் முதலில் நீட்டினார். அப்படியும் அரசாங்கம் அவருடைய மறுதலிப்புகளை அச்சிட்டு வெளியிட்டது. ஆள் போய்விட்டார், ஆனால் தாள் வேலை செய்ய வேண்டியிருந்தது, இன்னும் மறுதலிக்காத மற்றவர்கள் மேல். இத்தாலியில் ஸ்பியேரா என்ற வக்கீல் 1548இல் மறுதலித்து உயிரையும் சொத்தையும் காப்பாற்றிக்கொண்டு, கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணத்திலேயே அந்த வருஷம் முடிவதற்குள் செத்தார். அவர் கதையை எதிர்த் தரப்பு எடுத்துக்கொண்டு, மறுதலித்தால் இதுதான் கதி என்று பரப்பியது. மனிதன் பலவீனப்பட்ட அந்த ஒரு கணம், இரண்டு கட்சிக்கும் சரக்கு.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. பலமான எதிர்வாதம். கலிலியோ 1633இல் மண்டியிட்டு மறுதலித்தார். பிறகு வீட்டுக்காவலில் இருந்தபடியே இயக்கவியல் பற்றிய தன் பெரிய நூலை முடித்தார். 1638இல் அது லெய்டனில் அச்சாயிற்று. அவர் மறுத்து எரிந்திருந்தால் அந்தப் புத்தகம் இல்லை. கார்ல் யாஸ்பர்ஸ் இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். கலிலியோவின் உண்மை அவர் மறுத்தாலும் உண்மையாகவே இருக்கும்; பூமி யார் கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை. 1600இல் எரிக்கப்பட்ட புரூனோவின் உண்மை அப்படியல்ல. அது அவன் வாழ்வோடு ஒட்டியது. அவன் மறுத்தால் அதுவும் குறைபட்டுப்போகும். அழகான பாகுபாடுதான். ஆனால் ஸெனோ இதில் அடங்கவில்லை. அவன் அறிந்தவற்றில் பெரும் பகுதி கலிலியோ வகை. இரத்தக் குழாய் எங்கே ஓடுகிறது என்பது அவன் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு ஓடவில்லை. மறுதலித்திருந்தால் இன்னும் சில வருஷம் யாருக்காவது மருந்து கொடுத்திருக்கலாம்.

ஆகவே அவன் கொடுக்க மறுத்தது உண்மையை அல்ல என்று எனக்குப் படுகிறது. சம்மதத்தைத்தான் மறுத்தான். சிறையில் வைக்க அவர்களுக்குப் பலம் இருக்கிறது. எரிக்கப் பலம் இருக்கிறது. இவற்றுக்கு அவன் சம்மதம் வேண்டியதில்லை. அவன் ஒத்துழைக்காமல் அவர்களுக்குக் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் செய்தது சரி என்று அவன் வாயால் வரும் சொல். மறைத்துப் பொய் சொன்னபோது அந்தச் சொல்லை அவன் யாருக்கும் தரவில்லை. அதனால்தான் முதல் வகைப் பொய் அவனை அரிக்கவில்லை. தற்கொலையும் இந்தத் தர்க்கத்தின் நீட்சியே. நெருப்பில் நின்று சாட்சி சொல்லும் காட்சியையும் அவர்களுக்குக் கொடுக்காமல், கூட்டத்தை வெறுங்கையோடு அனுப்புகிறான். தியாகியின் இடத்தையும் காலியாக விட்டுவிடுகிறான்.

இது வரையில் யூர்ஸ்னாரோடு எனக்குப் பிணக்கில்லை. பிணக்கு மார்த்தாவைப் பற்றியது. ஸெனோவின் தங்கை. அதே தாயின் மகள். கொலோன் நகரத்தில் சிறு பெண்ணாக இருந்தபோது, உடன் வளர்ந்த பெனெதிக்தோடு சேர்ந்து கால்வினின் கருத்துகளை ரகசியமாக ஏற்றவள். கொள்ளைநோயில் பெனெதிக்த் படுத்தபோது பயத்தில் பக்கத்தில் போகாதவள். வைத்தியனாக வந்த ஸெனோ அந்தப் பயத்தைப் பார்த்துவிட்டான். பின்னால் பணக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, எல்லோரையும் போல் பூசைக்குப் போய்க்கொண்டு, பெரிய வீட்டில் இருக்கிறாள். அண்ணனுக்காகப் பேச வேண்டும் என்று கம்பானுஸ் தேடி வந்து கேட்கும்போது கைவிரித்துவிடுகிறாள். அவள் மேல் யூர்ஸ்னாரின் பார்வை சில்லிட்டுப் போயிருக்கிறது. ஒரு வாக்கியத்திலும் இரக்கம் இல்லை. ஸெனோவுக்குப் பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, அவனை நம்பி ஒரு அடுப்பு எரியவில்லை. மறுக்கிற வசதியை நாவலாசிரியரே அவனுக்கு ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார். உலகத்தில் பெரும்பாலோர் மார்த்தாவின் வீட்டில் வசிப்பவர்கள்.

நானும் அந்த வீட்டுக்காரன்தான் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு வேலைநிறுத்தம். முடிந்த பிறகு, கலந்துகொண்டதற்கு வருத்தம் தெரிவித்து ஆளுக்கொரு கடிதம் தர வேண்டும் என்றார்கள். வாசகம் அவர்களே டைப் அடித்து வைத்திருந்தார்கள். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் சார், ஃபைலில் போட்டுவிடுவோம்" என்று அதைக் கொடுத்தவர் சொன்னார். நல்ல மனிதர். எனக்கு வருத்தமில்லை என்பது அவருக்குத் தெரியும்; அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். வீட்டில் அப்போது கைக்குழந்தை. போட்டுவிட்டேன். எங்களில் ஒருவர் போடவில்லை. அவருக்கு மாற்றல் வந்தது. போகும்போது எங்கள் யார் மேலும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருக்கலாம்.

நெருப்பையும் மாற்றல் உத்தரவையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி வைப்பது அசிங்கம். நான் சொல்ல வருவது வேறு. கையெழுத்திட்டது தவறு என்று இப்போதும் என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. குழந்தை நிஜம். ஆனால் அது 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேனே, அது தவறு. மார்த்தாவின் குற்றமும் பயந்ததில் இல்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. தன் பயத்தைப் பார்த்த ஒருவன் உயிரோடு இருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, குற்றம் அங்கேதான். மறுதலித்தவன் இன்னும் மறுதலிக்காதவனை மன்னிக்க வேண்டியிருக்கிறது. அது அவ்வளவு சுலபமில்லை. மாற்றலாகிப் போனவரைப் பற்றி அதற்குப் பிறகு கான்டீனில் நாங்கள் பேசிய பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. பிடிவாதக்காரர் என்றோம். குடும்பத்தைப் பற்றி நினைத்தாரா என்றோம். நானும் சொன்னேன்.

அந்தக் கடிதத்தை இதுவரை யாரும் எடுத்துப் படித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ ஒரு ஃபைலில் பழுப்பேறிக் கிடக்கும். யாரும் படிக்காத, யாரும் நம்பாத ஒரு தாளில் என் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று ஏன் அத்தனை பிரயாசைப்பட்டார்கள்? ஸெனோவுக்கு இதற்குப் பதில் தெரிந்திருந்தது. எனக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேள்வியே புரிந்தது.